புலிகேசி வென்றானா?

யார் வென்றார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். வென்றதாகச் சொன்னவர் யார் என்பதைச் சொல்லிக் கொடுப்பதில்லை. நடுநிலைப் பள்ளிச் சிறுவர்க்கு அதெல்லாம் எட்டாது என்பாரும் உளர். தெருச் சண்டையில் எவன் பேச்சை நம்பலாம் என்று பன்னிரண்டு வயதுப் பையனுக்குத் தெரியாதா என்ன?

மகேந்திரவர்மப் பல்லவனுக்கும் இரண்டாம் புலிகேசிக்கும் நடந்த போரையே எடுத்துக் கொள்வோம். கி.பி. 634-ஐ ஒட்டி இரவிகீர்த்தி பாடிய ஐகோளேக் கல்வெட்டு, பல்லவன் காஞ்சி மதிலுக்குள் பதுங்கினான் என்கிறது. பாடியவரோ புலிகேசியின் ஆதரவைப் பெற்ற புலவர். அதை அவரே பாட்டில் சொல்கிறார். காரைக்காலை அடுத்த காசாக்குடியில் கிடைத்த செப்பேடு, மகேந்திரன் புள்ளலூரில் தன் தலையாய பகைவரை அழித்தான் என்கிறது. அப்பகைவர் யாரென்று பெயர் இல்லை! எழுதப்பட்டதும் ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர், எழுதுவித்தவனும் பல்லவனே. காஞ்சி வரை வந்தவன் புள்ளலூரில் தடுக்கப்பட்டான் என்று கொண்டால் இரண்டும் ஓரளவு மெய்யாகலாம். இரண்டையும் அருகருகே வைத்தால் ஏழாம் வகுப்புச் சிறுமியே இதைச் சொல்லிவிடுவாள்.

அதே ஐகோளேக் கல்வெட்டு, ஹர்ஷனும் புலிகேசியிடம் தோற்றான் என்கிறது. இதையும் புலவரின் புகழ்ச்சி என்று தள்ளிவிடலாமா? முடியாது. ஹர்ஷனிடம் பெருஞ்சிறப்புப் பெற்ற சீன யாத்திரிகர் யுவான் சுவாங்கே, அவன் தானே படை நடத்திச் சென்றும் அந்நாட்டாரை அடக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறார். தன்னைப் போற்றியவனுக்குப் பாதகமாக ஒருவர் சொல்லும் சொல்லுக்கு எடை அதிகம் அன்றோ!

நம் சங்கக் கூட்டங்களில் வாதாபி வெற்றி என்றதும் கை தட்டுகிறோம். தட்டலாம், வாதாபிப் பாறையிலேயே நரசிம்மவர்மனின் கல்வெட்டு இருக்கிறது. ஆனால் நம்மில் பலர் அதை அறிந்தது கல்கியின் ‘சிவகாமியின் சபத’த்தால். நாவல் இனிது, சான்று வேறு. ஐகோளேயை மட்டும் படித்த கன்னட நண்பரும் காசாக்குடியை மட்டும் படித்த தமிழரும் விடுதியில் ஓரறையில் தங்கினால், இரவெல்லாம் வழக்குத்தான். தீர்ப்புச் சொல்ல இருவருக்கும் பயிற்சி இராது.

நம்மில் சிலர் நாளை ஆசிரியராகப் போகிறவர்கள். பாடநூல் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு சாசனங்களின் செய்தியையும் எளிய தமிழில் கரும்பலகையில் எழுத அரைமணி போதும். தேர்வில், ‘புலிகேசி வென்றானா?’ என்று கேளுங்கள். விடைக்கு இரண்டு மதிப்பெண், காரணத்துக்கு எட்டு.