மைதானமும் மருந்தும்

விழா மலருக்குக் கட்டுரை வரையும் பழைய மாணவர், தம் காலத்து ஆசிரியர்களையும் அக்காலப் பெருமைகளையும் நினைவுகூர்தல் வழக்கம். அவ்வழக்கினை யான் சற்று மீறுகின்றேன். யான் வைத்தியன் அல்லேன், கணக்கெழுதிப் பிழைத்தவன். ஆயினும், இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சலரோகத்தோடு வாழ்ந்து வருபவன். உடலைப் பற்றி யான் காலந்தாழ்த்திக் கற்ற பாடம் ஒன்றை, இன்று கல்லூரியிற் பயிலும் தம்பிமார்க்குச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

யான் மாணவனாயிருந்தது 1960களின் பிற்பகுதியில். வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே இரண்டு மைல். பலநாள் நடந்தும், பின்னர்த் தமையனாரின் பழைய துவிச்சக்கரவண்டியிலும் சென்று மீண்டேன். அதனைத் தேகப்பியாசம் என்று எவரும் கூறியதில்லை. ஆனால் மைதானத்தை யான் விரும்பியவன் அல்லேன். இல்ல மெய்வல்லுநர் போட்டி நெருங்கும்போது தலைவலி என்று சொல்லி வாசிகசாலைக்குள் ஒதுங்கிய மாணவருள் யானும் ஒருவன். ஓடுவோர் ஓடட்டும், படிப்போர் படிக்கட்டும் என்பது என் கொள்கை. தலையைச் சுமந்து பரீட்சை மண்டபத்துக்குக் கொண்டுசெல்லும் வண்டியே உடல் என்று எண்ணியிருந்தேன்.

பின்னர்க் கொழும்பிற் கந்தோர் உத்தியோகம் வாய்த்தது. காலை முதல் மாலை வரை நாற்காலி, நண்பகலிற் சோறு, மாலையிற் சீனி மிகுந்த தேநீரும் விசுக்கோத்தும், இரவில் மீண்டும் சோறு அல்லது இடியப்பம். என் தந்தையார் உண்ட அளவு சோற்றையே யானும் உண்டேன். அவர் புகையிலைத் தோட்டத்துக்கு நீர் இறைத்தவர்; யான் பேரேட்டைப் புரட்டியவன். இவ்வேறுபாடு கணக்கனாகிய என் கண்ணிற் படவேயில்லை. 2003ஆம் ஆண்டு, என் நாற்பத்தெட்டாம் வயதில், பார்வை மங்குகின்றதென்று மூக்குக்கண்ணாடி மாற்றச் சென்றபோது இரத்தத்தைப் பரிசோதிக்கச் சொன்னார்கள். எட்டு மணிநேரம் ஒன்றும் உண்ணாது எடுத்த இரத்தத்தில், 100 மில்லிலீற்றருக்கு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் குளுக்கோசு இருப்பின் அது சலரோகம் என்பர். எனக்கு 214 இருந்தது.

அன்று யான் செய்த முதற் காரியம் சோற்றின்மேற் பழியைச் சுமத்தியதே. சோற்றை விடுத்துப் பாணை உண்டேன். பாணும் குடலிற் குளுக்கோசாகவே மாறும் என்பதை அறியாதவன் அல்லேன். ஆயினும், குற்றவாளி ஒருவனைக் கண்டுபிடித்துவிட்டால் மனம் ஆறுதல் அடைகின்றது. மூன்று மாதங்களின் பின்னும் நிலைமை பெரிதும் மாறவில்லை. வைத்தியர் என் உணவுப் பட்டியலைப் பொறுமையோடு கேட்டுவிட்டு, "ஐயா, என்ன உண்கிறீர்கள் என்று சொன்னீர்கள். உண்டபின் என்ன செய்கிறீர்கள்?" என்றார். உட்கார்ந்திருக்கின்றேன் என்பதைத் தவிர வேறு விடை என்னிடம் இருக்கவில்லை.

அவர் விளக்கியதை ஒரு வரவுசெலவுக் கணக்காகவே மனத்திற் பதித்துக்கொண்டேன். வளர்ந்த மனிதனின் உடலில் ஏறத்தாழ ஐந்து லீற்றர் இரத்தம் ஓடுகின்றது. நலமுடையவனிடத்தில் அவ்வளவு இரத்தத்திலும் கரைந்துள்ள குளுக்கோசு ஏறத்தாழ 5 கிராம். அஃதாவது ஒரு தேக்கரண்டி. நண்பகலில் 300 கிராம் சோறு உண்டால், அதிலிருந்து 80 கிராம் அளவு குளுக்கோசு வந்து சேர்கின்றது. ஒரு தேக்கரண்டி நிற்கவேண்டிய இடத்துக்குப் பதினாறு தேக்கரண்டி வருகின்றதெனின், வந்தது எங்கே செல்வது? ஈரல் ஏறத்தாழ 100 கிராமைக் கிளைக்கோசனாக்கிச் சேமிக்கும். தசைகளோ 400 கிராம் அளவிற் சேமிக்க வல்லன. ஆகவே உடலின் பெருங்களஞ்சியம் தசையே. சதையியிற் சுரக்கும் இன்சுலின் அக்களஞ்சியத்தின் கதவைத் திறக்கின்றது. ஆனால் பழைய நெல் நிறைந்து கிடக்கும் களஞ்சியத்தின் கதவைத் திறந்தும் பயன் என்ன? முன்னையதைச் செலவிட்டாலன்றிப் புதியதற்கு இடமில்லை. தசை தன் சேமிப்பைச் செலவிடுவதோ, வேலை செய்யும்போதுதான். இன்னொன்றும் உண்டு. தசை சுருங்கி விரிந்து உழைக்கும்போது, இன்சுலினின் துணையின்றியும் குளுக்கோசை உள்ளே ஏற்றுக்கொள்கின்றது. உண்டபின் நடக்கும் இருபது நிமிட நடையின் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கிற்று.

சோற்றின் சார்பிலும் ஒரு சொல் உண்டு. இன்று யக்கர்த்தா எனப்படும் பத்தேவியாவில், 1890களில், எய்க்மன் என்னும் ஒல்லாந்த வைத்தியர், தீட்டிய வெள்ளரிசியை மட்டும் தின்ற கோழிகள் பெரிபெரி போன்ற நோயாற் கால் தளர்ந்து வீழ்வதையும், தவிடு நீங்காத அரிசியால் அவை தேறுவதையும் கண்டார். அத்தவிட்டிலுள்ள பொருள் தயமின் என்னும் விற்றமின் எனப் பின்னர் அறியப்பட்டது. 1929இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நெல்லைப் புழுக்கிப் பின் குத்தும் நம்மவர் வழக்கம், தயமினின் ஒரு பகுதியை அரிசியின் உள்ளே செலுத்திக் காக்கின்றது. எனவே எம் முன்னோர் உண்ட மொட்டைக்கறுப்பன் சோற்றையும், தீட்டித் தீட்டி வெளுத்த அரிசியையும் ஒன்றென எண்ணலாகாது. அதேவேளை, குரக்கன் பிட்டாயின் எவ்வளவும் உண்ணலாம் என்று சொல்வோர்க்கும் செவிசாய்த்தல் ஆகாது; குரக்கனும் மாப்பொருளே. திருக்குறளின் 95ஆம் அதிகாரத்துக்கு மருந்து என்று பெயர். ஆனால் அதில் எந்த மூலிகையின் பெயரும் இல்லை. பெரும்பகுதி அளவோடு உண்பதைப் பற்றியதே.

உழைப்பின் பயனுக்கும் சான்று உண்டு. இலண்டன் மாநகரின் இரட்டைத்தட்டுப் பேருந்துகளில் நாள்முழுதும் அமர்ந்திருந்த சாரதிகளையும், படிகளில் ஏறி இறங்கிய நடத்துநர்களையும் மொறிஸ் என்னும் வைத்தியரும் அவர்தம் துணைவரும் ஒப்பிட்டு, நடத்துநர்க்கு மாரடைப்புக் குறைவு என 1953இற் காட்டினர். சாரதிகள் வேலையிற் சேரும்போதே பருத்தவராய் இருந்திருக்கலாமே என்ற ஐயத்தையும் அவர்களே எழுப்பி ஆராய்ந்தனர். பின்னர் 1973இல், அரசாங்கக் கந்தோர் உத்தியோகத்தரிடையேயும், ஓய்வு வேளையில் உடலை வருத்தி உழைத்தோர்க்கு இதயநோய் குறைவாய் இருந்தமையை அவர்கள் வெளியிட்டனர். கந்தோர்க் கதிரையில் அமர்ந்தவன் என்னும் சாக்கு எனக்கு அத்தோடு ஒழிந்தது.

இதனாற் சலரோகம் கண்டவர் எல்லாரும் சோம்பேறிகள் என்று யான் சொல்லவில்லை. பெற்றோர்வழி வரும் இயல்புக்கும் பங்குண்டு. தெற்காசிய மக்களுக்கு இந்நோய், மேனாட்டாரினும் குறைந்த பருமனிலேயே வருகின்றது. வைத்தியர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டுப் பாகற்காய்ச் சாற்றை நம்பியிருத்தலும் அறியாமையே. யான் நடக்கின்றேன், மாத்திரையும் உட்கொள்கின்றேன். ஆனால் மைதானத்தில் இலவசமாய்க் கிடைத்ததன் ஒரு பகுதியை மருந்துக்கடையில் விலைகொடுத்து வாங்குகின்றேன் என்னும் நினைவு, மாத்திரை விழுங்கும்போதெல்லாம் எழுகின்றது.

இனி, யான் சொல்ல வந்த செய்திக்கு வருகின்றேன். அண்மையில் ஒரு பிற்பகல் எம் கல்லூரி மைதானத்தின் ஓரத்தில் நின்றேன். துடுப்பாட்ட அணியினர் பயிற்சி செய்துகொண்டிருந்தனர். ஏனைய மாணவர் எங்கே என்று வினவியபோது, "ரியூசனுக்குப் போய்விட்டார்கள், ஐயா" என்றான் ஒரு சிறுவன். இது எம் கல்லூரிக்கு மட்டும் உரிய குறையன்று. நாடெங்கும் காணும் காட்சியே. வகுப்பறை நாற்காலியிலிருந்து எழுந்தவன் மோட்டார்ச் சைக்கிளின் பின்னிருக்கையில் அமர்ந்து, இன்னொரு நாற்காலிக்குச் செல்கின்றான். பதினொருவர் ஆட ஆயிரவர் கைதட்டுவது ஒரு கல்லூரியின் விளையாட்டு ஆகாது. சிறுவர்க்கும் இளைஞர்க்கும் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அவ்வறிவுரை அணியிற் சேர்ந்தோர்க்கு மட்டும் உரியதன்று. மெலிந்தவனுக்கும், பருத்தவனுக்கும், பந்தைக் கண்டு அஞ்சுபவனுக்கும் உரியது.

பரீட்சை என்னாவது என்று பெற்றோர் வினவுவர். பரீட்சையின் அருமையை யான் அறிவேன், அதனாலேயே வாழ்ந்தவன். ஆயினும், உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு ஒருமுறை வருகின்றது. இரத்தப் பரிசோதனைப் பெறுபேறோ வாழ்நாள் முழுதும் வந்துகொண்டேயிருக்கும். ஆகவே, ஆசிரியப் பெருமக்களும் பழைய மாணவரும் கூடி, கிழமையில் ஐந்து நாளும் ஒவ்வொரு மாணவனும் ஒரு மணிநேரம் உடலை அசைக்கும் ஒழுங்கினைச் செய்தல் வேண்டும். ஓட்டப்பந்தயமே வேண்டும் என்பதில்லை. கிளித்தட்டுக்குக் கோடு கீறுவதற்குச் செலவு ஏது? கட்டிடங்களுக்கும் மணிக்கூட்டுக் கோபுரங்களுக்கும் பணம் வழங்கும் நாம், மைதானத்துக்கு நிழல்மரமும் குடிநீரும் வழங்கினால் ஆகாதா? பணம் இல்லாதோர் மாலையில் வந்து மாணவரோடு சேர்ந்து நடக்கலாம்.

வாசிகசாலைக்குள் ஒளிந்திருந்த என்னை ஒருநாள் ஆசிரியர் ஒருவர் தேடிவந்து, கையைப் பிடித்து மைதானத்துக்கு அழைத்துச் சென்றார். "ஓடவேண்டாம், தம்பி, என்னோடு ஒரு சுற்று நட," என்றார். நடந்தேன், அவர்மேற் கோபமும் கொண்டேன். மறுநாள் முதல் வேறோர் ஒளிப்பிடத்தைத் தேடிக்கொண்டேன். அவர் இன்று இல்லை. ஒவ்வொரு மாலையும் யான் நடக்கும்போது, அந்த ஒரு சுற்று நினைவுக்கு வருகின்றது. அத்தகைய ஒரு கை இன்றைய மாணவன் ஒவ்வொருவனுக்கும் கிடைத்தல் வேண்டும் என்பதே இவ்விழா நாளில் என் வேண்டுகோள்.