பயப்படுகிறவரைப் பார்த்துப் "பயப்படாதே" என்று சொல்லும் முன்

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, வழக்கம்போல நாங்கள் நாலைந்து பென்ஷன்காரர்கள் கோவில் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். எங்களில் ஒருவருக்கு வரும் வியாழக்கிழமை இருதயத்தில் பைபாஸ் அறுவை சிகிச்சை. என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர். பேச்சுவாக்கில், "ராத்திரியில தூக்கமே வர்றதில்லப்பா, ரொம்பப் பயமா இருக்குது" என்றார்.

பக்கத்தில் நின்றிருந்த இன்னொரு நண்பர் உடனே, "என்ன நீங்க, கிறிஸ்தவனா இருந்துகிட்டுப் பயப்படலாமா? விசுவாசம் இருக்கிற இடத்துல பயம் இருக்காது. பைபிள்ல 365 தடவை 'அஞ்சாதே'ன்னு போட்டிருக்கு, நாளைக்கு ஒண்ணுன்னு" என்றார்.

அவர் நல்ல மனிதர். தைரியம் கொடுக்கத்தான் சொன்னார். ஆனால் பைபாஸ் நண்பரின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். "ஆமாமா, உண்மைதான்" என்று சொல்லிவிட்டு, அகவிலைப்படி நிலுவை எப்போது வரும் என்று பேச்சை மாற்றிவிட்டார். அதன் பிறகு தன் பயத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த முகச்சுருக்கத்தை நான் முன்பே ஒரு முறை பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2006ஆம் ஆண்டு என் மனைவிக்கு வயிற்றில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். புற்றுநோய்தான் என்று சோதனையில் உறுதியாயிற்று. ஆஸ்பத்திரியில் சேர்த்து, அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். உறவுக்காரர் ஒருவர், செபம் செய்வதற்காக ஒருவரை வார்டுக்கு அழைத்து வந்தார். வந்தவர் உருக்கமாகவே செபித்தார். போகும்போது என் மனைவியின் கை நடுங்குவதைப் பார்த்து, "பயம் அவிசுவாசத்தின் அடையாளம் சகோதரி, அதை முதலில் விரட்டுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று இரவு அவள் என்னைக் கேட்டாள்: "ஏங்க, எனக்கு விசுவாசம் இல்லையா? சின்ன வயசிலேர்ந்து செபமாலை சொல்றேன், ஒரு ஞாயிறு பூசை விட்டதில்ல. ஆனா பயம் போக மாட்டேங்குதே?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "தூங்கு, அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றேன். நோய் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். அதோடு பயப்படுகிறோமே என்ற வெட்கத்தையும் அவள் தலையில் ஏற்றி வைத்துவிட்டார்கள். அவளுடைய கேள்விக்கு அன்றே நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் அந்தப் பதில் பல வருஷங்களாக என் அலமாரியில்தான் இருந்தது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்களுக்கு இலக்கியம் நடத்திய வயதான ஆசிரியர் ஒருவர், ஜோர்ஜ் பெர்னானோஸ் எழுதிய 'தியலோக் தெ கர்மெலித்' என்ற நாடகத்தை வகுப்பில் பாத்திரம் பிரித்து எங்களை வாசிக்க வைத்தார். கார்மேல் சபைக் கன்னியர்களின் உரையாடல்கள் என்று அதற்குப் பொருள். பதினாறு வயதுப் பையன்கள் நாங்கள், கன்னியாஸ்திரிகளாகக் குரல் மாற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம். கடைசிக் காட்சி வந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

அந்த நாடகத்துக்குப் பின்னால் இருப்பது உண்மை வரலாறு. பிரெஞ்சுப் புரட்சியின்போது கொம்பியேன் என்ற ஊரில் இருந்த கார்மேல் மடத்துக் கன்னியர்களை, 1792 செப்டம்பரில் மடத்தை விட்டு வெளியேற்றினார்கள். அவர்கள் சிறு சிறு குழுக்களாக ஊருக்குள் வீடுகளில் தங்கி, இரகசியமாகச் செபவாழ்வைத் தொடர்ந்தார்கள். நாட்டில் நடக்கும் இரத்தக்களரி நிற்க வேண்டும் என்று தங்கள் உயிரை ஆண்டவருக்குக் காணிக்கையாக ஒப்புக்கொடுக்கலாமா என்று மடத்தின் தலைவி அவர்களிடம் கேட்டார். கேட்டதும் மடத்திலேயே மூத்தவர்களான இரண்டு சகோதரிகள் நடுங்கிப் போனார்கள். கில்லட்டினில் கழுத்தைக் கொடுப்பதை அவர்களால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. பிறகு மனம் கலங்கி, தங்கள் பலவீனத்துக்காக மன்னிப்புக் கேட்டு, மற்றவர்களோடு சேர்ந்து அந்தச் செபத்தைச் சொன்னார்கள்.

1794 ஜூனில் அவர்களைக் கைது செய்தார்கள். ஜூலையில் பாரீசுக்குக் கொண்டுபோனார்கள். வயதில் மூத்தவர்களில் ஒருவரான சகோதரி ஷார்லொத்துக்கு அப்போது 78 வயது. ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாதவர். கைகளைக் கட்டியிருந்ததால் வண்டியிலிருந்து இறங்க முடியவில்லை. காவலன் அவரைத் தூக்கித் தரையில் எறிந்தான். செத்துப்போனார் என்றே மற்றவர்கள் நினைத்தார்கள். அவரோ எழுந்து, அவன்மேல் தனக்கு எந்தக் கோபமும் இல்லை என்று சொன்னார். ஜூலை 17ஆம் தேதி பதினாறு பேரையும் கில்லட்டினுக்கு அனுப்பினார்கள். பாட்டுப் பாடிக்கொண்டே ஏறினார்கள். எல்லோரிலும் இளையவரான நவசந்நியாசினி முதலில் போனார், தலைவி கடைசியில் போனார். பத்து நாள் கழித்து ரொபெஸ்பியேரின் ஆட்சி கவிழ்ந்தது. இந்தப் பதினாறு பேரையும் போப் பிரான்சிஸ் 2024 டிசம்பர் 18 அன்று புனிதர்கள் வரிசையில் சேர்த்தார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மரணம் என்றதும் நடுங்கிய அந்த இரண்டு மூதாட்டிகளையும் திருச்சபை இந்தப் பட்டியலிலிருந்து நீக்கவில்லை. நடுங்கியவர்களும் புனிதர்கள்தான்.

பெர்னானோஸ் இதை 1947-48இல், தானே புற்றுநோயில் இருந்தபோது, துனீசியாவில் எழுதினார். 1948 ஜூலையில் இறந்துபோனார். நாடகத்தில் அவர் வைத்த கதாநாயகி பிளான்ஷ், வரலாற்றில் இல்லாத ஒரு பெண். அவள் கெர்ட்ரூட் ஃபொன் லெ ஃபோர்ட் என்ற ஜெர்மன் எழுத்தாளரின் கதையில் பிறந்தவள். பிறவியிலேயே பயந்த சுபாவம். நிழலைக் கண்டாலும் அலறுவாள். மடத்தில் அவள் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் பெயர், 'கிறிஸ்துவின் மரண அவஸ்தையின் பிளான்ஷ்'. அந்த மடத்தின் வயதான தலைவி, ஆயுள் முழுவதும் மரணத்தைத் தியானித்தவர், தன் கடைசி நேரத்தில் பயத்தில் துடித்துச் சாகிறார். கன்னியர்கள் அதிர்ந்து போகிறார்கள். அப்போது ஓர் இளம் சகோதரி வித்தியாசமாக ஒன்று சொல்கிறாள்: ஒருவேளை அது அவருடைய மரணமே இல்லையோ, ஆண்டவர் கை மாற்றி வேறொருவருடைய மரணத்தை அவருக்குக் கொடுத்துவிட்டாரோ, அந்த வேறொருவர் தன் நேரம் வரும்போது சுலபமாகப் போவாரோ என்கிறாள். கடைசிக் காட்சியில், மடத்தை விட்டு ஓடிப்போயிருந்த பிளான்ஷ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, பாடிக்கொண்டே படியேறுகிறாள்.

ஒருவருடைய பயத்தை இன்னொருவர் சுமக்க முடியும் என்பதுதான் இதன் பொருள். சின்ன வயதில் எனக்கு அது புரியவில்லை.

சுவிசேஷத்துக்கு வருவோம். பயம் அவிசுவாசம் என்றால் பூங்காவனத்தில் நடந்தது என்ன? துக்க தேவ இரகசியத்தில் முதலாவதாக நாம் தியானிப்பதே, ஆண்டவர் பூங்காவனத்தில் இரத்த வியர்வை வியர்த்ததைத்தான். அவர் கலங்கினார், துயருற்றார், அந்தப் பாத்திரம் தன்னை விட்டு அகல வேண்டும் என்று கேட்டார், தன்னோடு விழித்திருக்கச் சொல்லிச் சீடர்களைக் கெஞ்சினார். அவர்கள் தூங்கிவிட்டார்கள். பயம் பாவம் என்றால், பாவமில்லாத அவர் அங்கே எதற்கு வியர்த்தார்?

"இராயப்பர் தண்ணீரில் மூழ்கியபோது குறைந்த விசுவாசமுள்ளவன் என்று ஆண்டவரே கடிந்துகொள்ளவில்லையா?" என்று கேட்பீர்கள். (இப்போது பேதுரு என்கிறோம், எனக்கு இராயப்பர்தான் வாயில் வருகிறது.) கடிந்துகொண்டார், உண்மைதான். ஆனால் மத்தேயு எழுதியிருக்கும் வரிசையைப் பாருங்கள். முதலில் கையை நீட்டிப் பிடித்தார். அதற்குப் பிறகுதான் பேசினார். நாமோ கையை நீட்டாமல், கரையில் நின்றுகொண்டு பேச்சை மட்டும் பேசுகிறோம்.

அந்த 365 கணக்கும் சரியில்லை. ஒத்துவாக்கியப் புத்தகத்தை வைத்து எண்ணினால் அவ்வளவு வராது. கணக்கு முக்கியமும் இல்லை. வானதூதர் "அஞ்சாதே" என்று மாதாவிடம் சொன்னார், சூசையப்பரிடம் சொன்னார், இடையர்களிடமும் சொன்னார். அவர்கள் அஞ்சியதால்தான் சொன்னார். அது கண்டனம் இல்லை, நான் கூட இருக்கிறேன் என்று தோளில் கை வைப்பது.

அப்படியானால் விசுவாசம் பயத்தை வெல்வதே இல்லையா? வெல்கிறது. அதை நான் என் வீட்டிலேயே பார்த்தேன். அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் எங்கள் பங்குச் சுவாமியார் வந்து நோயில் பூசுதல் கொடுத்தார். என் மனைவி அவரிடமே, "பயமா இருக்கு சாமி" என்று சொல்லிவிட்டாள். அவர் உபதேசம் எதுவும் செய்யவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மறுநாள் ஸ்ட்ரெச்சரில் போகும்போதும் அவள் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ரேஷன் கார்டு எங்கே இருக்கிறது, கேஸ் புத்தகம் எங்கே இருக்கிறது, பால்காரருக்கு எவ்வளவு பாக்கி என்று எல்லாவற்றையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் இருந்தாள். மருந்து ஏற்ற ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம், புதிதாக வந்திருக்கும் பெண்களின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். எந்த மதம், எந்த ஊர் என்று பார்க்க மாட்டாள். "எனக்கும் மொதல்ல ரொம்பப் பயமாத்தாம்மா இருந்துச்சு" என்றுதான் ஆரம்பிப்பாள். அந்த ஒரு வாக்கியத்தில் எதிரே இருப்பவரின் முகம் இளகுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவளுடைய பயம் முழுவதும் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயம் அவளைக் கட்டிப்போடவில்லை. இன்னொருவருடைய பயத்தைச் சுமக்க அதுவே அவளுக்குக் கருவியாக இருந்தது. பயத்தை வெல்வது என்று நான் சொல்வது இதைத்தான்.

எனவே என் கருத்து இதுதான். பயப்படுகிறவரிடம் விசுவாசத்தைப் பரீட்சை வைக்காதீர்கள். அவர் பயத்தைச் சொல்ல விடுங்கள். ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வருகிறேன் என்று சொல்லுங்கள், போங்கள். செபிப்பதானால் அவருக்காகச் செபிப்பதோடு நிறுத்தாமல், அவரோடு உட்கார்ந்து செபியுங்கள்.

அன்று மாலையே நண்பர் வீட்டுக்குப் போனேன். காப்பி குடித்தோம். மெதுவாக, "என் வீட்டுக்காரிக்குக்கூட ரொம்பப் பயம் இருந்துச்சு, தெரியுமா?" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு மணி நேரம் அவர்தான் பேசினார். மயக்கம் கொடுத்தால் எழுந்திருக்க மாட்டேனோ என்பதுதான் அவருடைய பெரிய பயம். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகிமை தேவ இரகசியம்தான் சொல்ல வேண்டும். நாங்கள் இருவரும் அன்று துக்க தேவ இரகசியத்தின் முதலாவதை மட்டும் சொன்னோம். வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். வாசகர்களும் அவருக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.