கல்லூரியைப் பார்த்து வந்தீர்களா?



மே மாதத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்தவுடன் பங்கு இல்லத்துத் திண்ணையில் கூட்டம் பெருகிவிடும். நன்னடத்தைச் சான்று, திருமுழுக்குச் சான்று, பரிந்துரைக் கடிதம் என்று பெற்றோரும் பிள்ளைகளும் வந்து நிற்பார்கள். எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுப்பது நமக்குப் பழகிப்போன பணி. அப்பணியில் நாம் இழைத்த தவறு ஒன்றைச் சொல்லியே இம்மாதம் தொடங்க வேண்டியவராயிருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், நம் பங்கைச் சேர்ந்த கொத்தனார் ஒருவர் தம் மூத்த மகளுடன் வந்தார். தொலைவிலுள்ள ஒரு கல்லூரியில் அவளைக் கணினி அறிவியல் படிக்க வைக்கப்போவதாகச் சொன்னார். "கல்லூரியைப் பார்த்து வந்தீர்களா?" என்று கேட்டோம். "பார்த்தோம், சாமி. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போனோம். பெரிய கட்டடம், வாசலிலே நீரூற்றுகூட இருக்கிறது" என்றார். அவ்விடை நமக்குப் போதுமானதாயிருந்தது. கடிதத்தைக் கொடுத்தோம். தாயின் வளையல்கள் அடகுக்குப் போயின. முதலாண்டுக் கட்டணத்தோடு மகளின் அசல் சான்றிதழ்களும் கல்லூரியின் கைக்குப் போயின.

கிறிஸ்து பிறப்பு விடுமுறைக்கு வந்த அம்மகள் திரும்பிப் போகவில்லை. மூன்று பாடங்களுக்கு ஒரே ஆசிரியர்; பாதிக் கணினிகள் இயங்காத ஆய்வுக்கூடம்; காலையில் நீர் வராத விடுதி. மூன்றாண்டுக் கட்டணம் முழுவதையும் செலுத்தினாலொழியச் சான்றிதழ்களைத் தர இயலாது என்றது கல்லூரி. அவற்றை மீட்பதற்குள் பல மாதங்கள் கடந்தன, ஓராண்டும் வீணாயிற்று. சுவரைத் தட்டிப் பாராமல் எந்த வீட்டையும் மதிப்பிடாத அக்கொத்தனார், ஒரு கல்லூரியை அதன் வண்ணப்பூச்சைக் கொண்டு மதிப்பிட்டுவிட்டார். அவரைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. நாமும் அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லையே!

கல்லூரி என்பது கட்டடமன்று. திருச்சியின் தூய வளனார் கல்லூரி 1844-ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்தில் தோன்றி, 1883-இல்தான் திருச்சிக்கு வந்தது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-இல் நகரின் நடுவிலிருந்து தாம்பரத்திற்குப் பெயர்ந்தது. பழைய சுவர்கள் பின்தங்கின; கல்லூரிகளோ ஆசிரியரோடும் மாணவரோடும் வாழ்ந்தன. ஆகவே நாம் பார்க்கச் செல்வது சுவர்களை அல்ல, அவற்றினுள் அன்றாடம் நடைபெறும் வாழ்வையே.

அவ்வாழ்வு எப்போது கண்ணுக்குப் புலப்படும்? நம்மில் பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். தேர்வு முடிவு வந்த பின்னரே கல்லூரி பார்க்கப் புறப்படுகிறோம். மே மாதத்திலோ வகுப்பறைகள் கோடை விடுமுறையில் பூட்டிக் கிடக்கும். திறந்திருப்பது சேர்க்கை அலுவலகம் ஒன்றே. ஆகவே பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் இருக்கும்போதே, வகுப்புகள் நடைபெறும் ஒரு வேலை நாளில், ஒரு நாள் கூலியை இழந்தேனும் சென்று வாருங்கள். அலுவலகத்தில் முன்னரே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். பொறியியல் சேர்க்கைக்கான கலந்தாய்வு 2018 முதல் இணையவழியே நடைபெறுகிறது. கல்லூரிகளை விருப்ப வரிசைப்படி குறிக்க வேண்டிய வேளையில், நேரில் கண்ட கல்லூரிக்கும் பெயரை மட்டும் அறிந்த கல்லூரிக்கும் உள்ள வேறுபாடு விளங்கும்.

வாடகை வண்டியில் போகாதீர்கள். பிள்ளை நாள்தோறும் ஏறவேண்டிய பேருந்திலேயே போங்கள். பயணத்தின் நீளமும் நெரிசலும் முதற் பாடமாக அமையும். உள்ளே சென்றதும் நூலகத்தில் இரண்டு பாடநூல்களை எடுத்து, பின்னட்டையின் உட்புறத்திலுள்ள தேதிச் சீட்டைப் பாருங்கள். மாணவர் எடுத்துப் படிக்கிறார்களா, புத்தகங்கள் அடுக்கில் உறங்குகின்றனவா என்பது தெரிந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் எத்தனை கருவிகள் உண்டு என்று எண்ணுவதோடு நில்லாமல், ஒரு கருவிக்கு எத்தனை மாணவர் என்று கேளுங்கள். விடுதியில் பணம் கொடுத்து ஒரு வேளை உணவு உண்ணுங்கள். குழாயைத் திறந்து பாருங்கள். மகளை அனுப்புவோர், மாலை வகுப்பு முடிந்தபின் விடுதி வரையுள்ள வழியில் வெளிச்சம் உண்டா என்பதையும் மறவாதீர்கள்.

அனைத்திலும் மேலாக, இரண்டாம் ஆண்டு மாணவர் இருவரிடம் தனியே பேசுங்கள். முதலாண்டு மாணவர்க்கு இன்னும் புதுமை நீங்கியிராது. "எத்தனை ஆசிரியர் இவ்வாண்டில் மாறினர்? பாடம் புரியாவிட்டால் யாரிடம் போவீர்கள்? மீண்டும் சேர வாய்ப்புக் கிடைத்தால் இங்கேயே சேர்வீர்களா?" என்னும் மூன்று கேள்விகள் போதும். கடைசிக் கேள்விக்கு நாவைவிட முகமே முந்தி விடை சொல்லும்.

அக்கேள்விகளைக் கேட்க வேண்டியவர் யார்? தந்தையா? அன்று. படிக்கப்போகும் பிள்ளையே கேட்கட்டும். பெற்றோர் பத்தடி பின்னே நின்றால் மாணவர் மனம் திறந்து பேசுவர். நம் பிள்ளையும் தன் வாழ்வைத் தானே விசாரித்தறியப் பழகும். அண்டை வீட்டுப் பிள்ளை சேர்ந்தது என்பதற்காகவோ, உறவினர் மெச்சுவர் என்பதற்காகவோ தேர்ந்த கல்லூரி, பிள்ளையின் தோளில் நாம் ஏற்றும் சுமையாகிவிடக்கூடும்.

அலுவலகத்தில் கல்விக் கட்டணம், விடுதி, பேருந்து, தேர்வுக் கட்டணம் ஆகியவற்றைத் தனித்தனியே எழுத்தில் பெறுங்கள். "அனைவருக்கும் வேலை" என்று சொன்னால், பிள்ளை சேரவிருக்கும் துறையில் சென்ற ஆண்டு படித்து முடித்தோர் எத்தனை பேர், அவர்களுள் பணியாணை பெற்றோர் எத்தனை பேர் என்று கேளுங்கள். அன்றைக்கே முன்பணம் கட்டும்படி வற்புறுத்தினால் வணக்கம் கூறி எழுந்து வாருங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்தபின் திருப்பித் தரவேண்டும். கல்லூரி தன்வசம் வைத்துக்கொள்ளலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ஆம் ஆண்டிலேயே அறிவித்துள்ளது. இதனை அன்றே நாம் அறிந்திருந்தால் அம்மகளின் கண்ணீரில் பாதியையேனும் தடுத்திருக்கலாம்.

வீடு திரும்பிய அன்றிரவே கண்டவற்றைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். மூன்று கல்லூரிகளைப் பார்த்தபின் எது எங்கே கண்டது என்பது மறந்துபோகும். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் வீணாகவா சொல்லி வைத்தனர்?

அம்மகள் மறு ஆண்டில், வீட்டிலிருந்தே சென்று வரக்கூடிய ஒரு கல்லூரியில் சேர்ந்து படித்து முடித்தாள். சென்ற சனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொன்றாம் வகுப்பில் பயிலும் தம்பியை அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தாள். கையில் ஒரு குறிப்பேடு. "கல்லூரி பார்க்கப் போகிறோம், சாமி. எனக்கு ஒரு வருடம் போயிற்று, இவனுக்குப் போகக்கூடாது" என்றாள். பரிந்துரைக் கடிதம் ஏதும் அவள் கேட்கவில்லை. இருவரையும் ஆசீர்வதித்துப் பேருந்து நிறுத்தம் வரை உடன் சென்று வழியனுப்பினோம்.

இந்த மே மாதம் நம்மிடம் கடிதம் கேட்டு வருவோர்க்கு ஒரு முன்னறிவிப்பு: "எந்தக் கிழமையில் போய்ப் பார்த்தீர்கள்?" என்பதே நமது முதற் கேள்வியாக இருக்கும்.