ஸ்கேட்டர்ஸ் வால்ட்ஸைச் சறுக்கி விழவைத்தவர்கள்

பியானோ கற்றுக்கொள்ளும் பிள்ளைகளிடம் 'ஸ்கேட்டர்ஸ் வால்ட்ஸ்' எப்படி என்று கேட்டுப் பாருங்கள். "ஈஸிதான், ஆனா செம போர்" என்பார்கள். பாவம், அவர்கள் மேல் தப்பில்லை. அவர்கள் கையில் கொடுக்கப்படுவது பெரும்பாலும் அந்த வால்ட்ஸே இல்லை!

அசலை எழுதியவர் எமில் வால்ட்டோஃபெல். வருடம் 1882, ஓபஸ் 183. பாரிஸின் புலோன் காட்டில், உறைந்த ஏரியில் ஐஸ் ஸ்கேட்டிங் ஆடியவர்கள்தான் இதற்குத் தூண்டுதல். (ஸ்ட்ராஸ் எழுதியது என்று நினைப்பவர்கள் திருத்திக்கொள்ளவும்.) மனிதர் யூஜினி அரசியின் அரண்மனைப் பியானோ கலைஞர். பியானோ முன் உட்கார்ந்து வால்ட்ஸ் எழுதி, பிறகு அதை ஆர்கெஸ்ட்ராவுக்கு விரிப்பது அவர் வழக்கம். ஆக, "பியானோவில் இது எடுபடாது" என்கிற சாக்கு செல்லாது.

சரி, எளிமைப்படுத்துகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? முதலில் அறிமுகப் பகுதிக்குக் கத்தரி. ஆர்கெஸ்ட்ராவில் ஹார்ன் மெதுவாகத் தொடங்கும் இடம் அது. ஸ்கேட்டர் பனியில் கால் வைக்குமுன் ஒரு கணம் நிற்பது போல. அப்புறம், வரிசையாக வரும் நான்கு வால்ட்ஸ்களில் முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதுக்கும் கத்தரி. முடிவில் வரும் கோடாவும் போச்சு. மிச்சம் ஒரே பக்கம், ஒரே மெட்டு.

அந்த ஒரு மெட்டாவது பிழைக்கிறதா என்றால், அதுவும் இல்லை. அதன் உயிரே நீண்ட சுரங்கள்தான். வயலின் வில்லால் இழுத்துக்கொண்டே போகலாம். பியானோவில் சுத்தியல் கம்பியைத் தட்டியவுடனே ஒலி தேயத் தொடங்கிவிடும். அந்த இடைவெளியைத் தாங்க வேண்டியது இடது கையும் பெடலும். எளிய பிரதியில் இடது கைக்கு ஒரே மாதிரி 'உம்-பா-பா', பெடல் குறியே கிடையாது. பிறகு எப்படிச் சறுக்கும்? நொண்டத்தான் செய்யும்!

"ஆரம்ப மாணவனுக்கு இது போதாதா?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். சின்னக் கைக்கு ஏ மேஜரை சி மேஜராக மாற்றுங்கள், கார்டில் ஒரு சுரத்தைக் குறையுங்கள், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஆனால் விரலுக்குச் சலுகை கொடுப்பது வேறு, காதை ஏமாற்றுவது வேறு. குறைந்தபட்சம் அறிமுகத்தில் நாலு பாராவது விடுங்கள். இரண்டாம் வால்ட்ஸைச் சேருங்கள், முதல் மெட்டு திரும்பி வரும்போது அந்தச் சந்தோஷம் தெரியும். "இது ஒரு துண்டு மட்டுமே" என்று தலைப்பிலேயே அச்சடியுங்கள். இதற்குப் பைசா செலவில்லை.

வால்ட்டோஃபெல் 1915-லேயே காலமாகிவிட்டார். முழுப் பியானோ பிரதி இணையத்தில் இலவசமாகவே கிடக்கிறது. கண்டிப்புக்குப் பேர்போன டோஸ்கனினியே 1945-ல் இந்த வால்ட்ஸை மெனக்கெட்டுப் பதிவு செய்தார். அவருக்கு 'போர்' அடிக்காதது பத்து வயதுப் பிள்ளைக்கு அடிக்கிறது என்றால், தப்பு பிள்ளையிடமும் இல்லை, வால்ட்ஸிடமும் இல்லை. கத்தரி பிடித்த கையில்தான் இருக்கிறது.