காசு கொடுத்து வாங்கும் இன்டர்ன்ஷிப்

"பி.காம். படிக்கிறவனுக்கு கோடிங் பற்றி என்னய்யா தெரியும்?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே ஒரு பெரிய கும்பிடு. நான் பேசப்போவது கோடிங் பற்றி இல்லை, காசு பற்றி. அது எங்க ஏரியா :)

சி.எஸ். மக்களே, ஒரு சின்ன சந்தேகம். வேலை செய்கிறவனுக்குக் கம்பெனி காசு கொடுக்குமா, கம்பெனிக்கு வேலை செய்கிறவன் காசு கொடுப்பானா?

ஏ.ஐ.சி.டி.ஈ. 2018-ல் பொறியியலுக்கு ஒரு மாதிரிப் பாடத்திட்டம் வெளியிட்டது. மொத்தம் 160 கிரெடிட், இன்டர்ன்ஷிப் கட்டாயம். நல்ல எண்ணம்தான். ஆனால் பல கல்லூரிகள் கடைசியில் பார்ப்பது சான்றிதழை மட்டும். பேப்பரைக் கேட்டால் சந்தையில் பேப்பர்தானே விற்பனைக்கு வரும்? தேவை இருந்தால் அளிப்பு வரும். ப்ளஸ் ஒன் பொருளியல்.

ப்ளஸ் டூ வரை என்னோடு படித்தவன் ஒருத்தன் இப்போது சி.எஸ். மூன்றாம் ஆண்டு. "வாழ்த்துகள், நீங்கள் தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள்" என்று ஒரு கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. தேர்வே வைக்கவில்லை! ஆறாயிரம் ரூபாய் கட்டினான். அவன் அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் ரெக்கார்டிங் வீடியோ, ஏற்கெனவே எழுதி வைத்த ஒரு புராஜெக்ட், கடைசியில் தங்க பார்டர் போட்ட சான்றிதழ். அவன் எழுதிய ஒரு வரி கோடைக்கூட யாரும் திறந்து பார்க்கவில்லை.

இப்போது எங்க பக்கம் வாருங்கள். சி.ஏ. படிப்பவர்கள் ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் செய்ய வேண்டும். முன்பு மூன்று வருடம், 2023-ல் வந்த புதிய திட்டத்தில் இரண்டு வருடம். ஆடிட்டர் மாதாமாதம் உதவித்தொகை தரவேண்டும், குறைந்தபட்சம் எவ்வளவு என்று விதியிலேயே இருக்கிறது. மாணவனிடம் பிரீமியம் வாங்கக் கூடாது என்பதும் விதி. தொகை சொற்பம்தான், புலம்பாத சி.ஏ. மாணவன் கிடையாது. ஆனாலும் காசு எந்தத் திசையில் போகவேண்டும் என்பதில் குழப்பமே இல்லை.

"அது பயிற்சிக் கட்டணம்தானே, இதில் என்ன தப்பு?" என்பார்கள். ஒரு தப்பும் இல்லை. கோச்சிங் என்று போர்டு மாட்டி, பில் போட்டு வாங்குங்கள். இன்டர்ன்ஷிப் என்ற பெயர் எதற்கு? காசு கட்டிய எல்லோருக்கும் கிடைக்கும் சான்றிதழ், காசு கட்டினான் என்பதை மட்டும்தான் சான்றளிக்கும். எங்கள் பாஷையில் அதற்குப் பெயர் ரசீது.

வேறு வழி இல்லையா? இருக்கிறது. கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005-லிருந்து நடக்கிறது. ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட்டில் வேலை செய்கிறவருக்கு அவர்களே உதவித்தொகை தருகிறார்கள். எல்லோருக்கும் இடம் கிடைக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஓர் ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட்டில் ஒரு பிழையைத் திருத்தி அனுப்ப யார் அனுமதியும் வேண்டாம், பைசா செலவில்லை. நிராகரித்தால்கூட ஏன் என்று பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். அந்த நாலு வரி பதிலில் இருக்கும் படிப்பு, ஆறாயிரம் ரூபாய் வீடியோவில் இல்லை.

துறைத் தலைவர்களுக்கு ஒரே கோரிக்கை. சான்றிதழைப் பார்த்ததும் இரண்டு கேள்வி கேளுங்கள்: "யார் யாருக்குக் காசு கொடுத்தார்கள்? நீ எழுதிய கோடு எங்கே?" பதில் திருப்தியாக இல்லையென்றால் கிரெடிட் கிடையாது என்று சொல்லிப் பாருங்கள். ஒரே செமஸ்டரில் பாதிக் கடைக்கு ஷட்டர் விழும்.