மார்பில் கட்டிய மல்லிகை

சென்ற ஆண்டு தேக்கா, பஃபலோ ரோடு பூக்கடையில் நான்கு முழம் மல்லிகை வாங்கினேன். சாமிக்கும் அல்ல, கூந்தலுக்கும் அல்ல. பால் கட்டி வலியில் துடித்த என் அக்காவுக்கு!

தாய்ப்பால் கொடுப்பதில்லை என்பது அக்காவின் முடிவு. “பெற்றவள் செய்கிற காரியமா இது?” என்று கேட்க ஆயிரம் பேர் வந்தார்கள். பாலை எப்படி வற்றவைப்பது என்று சொல்ல ஒருவரும் இல்லை. ஜொகூரிலிருந்து பாட்டிதான், “மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்துக் கட்டச் சொல்லும்மா” என்றார்.

மூடநம்பிக்கை என்றே நினைத்தேன். தேடிப் பார்த்தால், வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் 1988ஆம் ஆண்டு ஆய்வு கிடைத்தது. புரோலாக்டினைக் குறைப்பதில் புரோமோகிரிப்டின் மாத்திரை முந்தியது. பால் சுரப்பையும் மார்புக் கட்டையும் குறைப்பதில் மல்லிகையும் மாத்திரையும் சமம்! அக்காவுக்கும் சில நாள்களில் வலி தணிந்தது. எடுக்காத பால் தானே வற்றும் என்பதால், பூதான் காரணம் என்று அடித்துச் சொல்லமாட்டேன். வலி தணியும் அளவு மட்டும் பீய்ச்சி, குளிர் ஒத்தடம் கொடுத்தார். காய்ச்சலோ சிவப்போ வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

1939இல் இதே சிங்கப்பூரின் ரோட்டரி சங்கத்தில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் முழங்கினார். அவர் சாடியது தாய்மாரை அல்ல. இனிப்பூட்டிய டின் பாலைக் குழந்தை உணவென்று விற்றவர்களை.

தாய்ப்பால் சிறந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் நண்பர்களே, முடிவெடுத்துவிட்ட தாயிடம் காரணம் கேட்பதா, வலிக்கு வழி சொல்வதா? பாட்டி காரணம் கேட்கவே இல்லை.