வடசென்னைப் பசங்களுக்கு லிங்க்ட்இன் எதுக்கு?

லிங்க்ட்இன்னில் ஒரு அக்கவுண்ட் திறந்து, காலேஜ் பெயரைப் போட்டு, பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை ஏத்திட்டு "இனி வேலை தானா வரும்" என்று உட்கார்ந்திருப்பவர்கள் நம்ம வகுப்பில் பாதிப் பேர். இதற்கு நான் வைத்திருக்கும் பெயர் எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் புத்தி. அங்கே ஒருமுறை பதிந்துவிட்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே இருந்தால் சீனியாரிட்டி ஏறும், என்றைக்காவது ஒரு கார்டு வரும் என்று நம்ம மாமா, சித்தப்பா எல்லாம் காத்திருந்தார்கள். லிங்க்ட்இன்னில் சீனியாரிட்டி கிடையாது. பத்து வருஷமா சும்மா கிடக்கிற ப்ரொஃபைலுக்கும் நேற்று திறந்து அப்படியே விட்ட ப்ரொஃபைலுக்கும் ஒரே மரியாதைதான்.

மீதிப் பாதிப் பேர் இன்னொரு கட்சி. "அதெல்லாம் ஓ.எம்.ஆர். ஐ.டி. பசங்களுக்குடா. மெக்கானிக்கல் படிச்சிட்டு எண்ணூர்ல வேலை தேடுற நமக்கு எதுக்கு?" என்பது இவர்களின் வாதம். முதல் கட்சியை விட இந்தக் கட்சிதான் எனக்குக் கவலை. ஏன் என்று சொல்கிறேன்.

வேலைக்கு ஆள் தெரிந்திருக்க வேண்டும் என்பது நம்ம ஏரியாவுக்குப் புதுசு இல்லை. 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்தில் இருந்துதான் கிளம்பியது. அதற்குப் பிறகு துறைமுகம் வந்தது. 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கியவர்கள்தான் பின்னால் எம்.ஆர்.எஃப். டயர் ஆனார்கள். என்ஃபீல்டு, அசோக் லேலண்ட், மணலி சுத்திகரிப்பு ஆலை, அனல்மின் நிலையங்கள், 2001இல் எண்ணூர் துறைமுகம் என்று வரிசையாக வந்தன. இவற்றில் எல்லாம் நம்ம தெருக்காரர்கள் உள்ளே போனது எப்படி? அப்பா வேலை பார்த்த கம்பெனி, மாமாவுக்குத் தெரிந்த காண்ட்ராக்டர், சங்கத்துத் தலைவர், ரெண்டு வீடு தள்ளி இருக்கும் சூப்பர்வைசர். "நம்ம பையன்தான், வேலை தெரிஞ்சவன்" என்று ஒருத்தர் வாயால் சொன்னால் போதும். லிங்க்ட்இன் 2003இல் தொடங்குவதற்கு ரொம்ப காலம் முன்பே நம்மிடம் இருந்த லிங்க்ட்இன் அது :-)

அந்த வலையில் ஒரு ஓட்டை இருந்தது. எல்லாம் வாய்மொழி. கம்பெனி இருக்கும் வரைதான் அதற்கு மதிப்பு. 1996இல் பெரம்பூர் பின்னி மில் மூடியபோதும், 2017இல் எண்ணூர் அனல்மின் நிலையம் மூடியபோதும், அங்கங்கே இருந்த "தெரிஞ்சவர்கள்" வலையும் சேர்ந்தே அறுந்துபோனது. இப்படி ஒரு கதவு மூடும்போது அதிகம் அடிபடுவது காண்ட்ராக்டில் வேலை பார்த்தவர்கள். இருபது, முப்பது வருஷம் வால்வும் பம்பும் பாய்லரும் பார்த்த கைகள், புது இடத்தில் போய் நின்று "எனக்கு இது தெரியும்" என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் நிற்கும். நம்ம ஏரியாவில் வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சம் இல்லை. அது எழுத்தில் இல்லை என்பதுதான் பஞ்சம். ப்ரொஃபைல் என்றால் எனக்கு அர்த்தம் இதுதான்: நம்மைத் தெரியாத ஒருவர் நம்மை நம்புவதற்கு வேண்டியதை எழுத்தில் வைப்பது.

இனி கொஞ்சம் ஆராய்ச்சி. 1973இல் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்டன் பக்கத்தில், தெரிந்தவர் மூலமாக வேலை மாறியவர்களிடம், "அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?" என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம். எப்போதாவது என்றவர்கள் 55.6 சதவீதம். அரிதாக என்றவர்கள் 27.8 சதவீதம். அதாவது நெருங்கிய நண்பனை விட, எப்போதோ பார்க்கும் ஆள்தான் அதிகம் உதவியிருக்கிறார். காரணம் ரொம்ப சிம்பிள். நம்ம நண்பனுக்குத் தெரிந்தது எல்லாம் நமக்கும் தெரியும். தூரத்து ஆளுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது.

இதையே 2022இல் லிங்க்ட்இன்னில் இரண்டு கோடிப் பேரை வைத்துச் சோதித்த ஆய்வு 'சயின்ஸ்' இதழில் வந்தது. தூரத்து ஆட்கள் உதவுவது உண்மைதான் என்று அதுவும் சொன்னது. ஆனால் கூடவே ஒரு விஷயம் சொன்னது. கம்ப்யூட்டர் சார்ந்த துறைகளில்தான் தூரத்து உறவுக்குப் பலம் அதிகம். அவ்வளவாகக் கம்ப்யூட்டர் மயமாகாத துறைகளில் நெருங்கிய உறவுகள்தான் அதிகம் கைகொடுக்கின்றன. இதைப் படித்ததும் "பார்த்தியா, நான் சொல்லல?" என்று இரண்டாம் கட்சி குதிக்கும். குதிக்க வேண்டாம். எனக்கு இதில் தெரிவது வேறு. ஓ.எம்.ஆர். பசங்க மாதிரி முகம் தெரியாத ஆயிரம் பேருக்கு ரிக்வெஸ்ட் அனுப்புவதில் இருந்து நாம் தொடங்கக் கூடாது. நம்முடைய முதல் ஐம்பது பேர் நம்ம தெருவிலேயே இருக்க வேண்டும். போன வருஷம் பாஸ் அவுட் ஆன சீனியர், இன்ப்ளான்ட் டிரெயினிங்கில் நம்மைக் கூட்டிக்கொண்டு சுற்றிய இன்ஜினியர், ராயபுரத்தில் ஷிப்பிங் ஆபீஸில் இருக்கும் பக்கத்து வீட்டு அக்கா, மாதவரம் பக்கம் கன்டெய்னர் யார்டில் இருக்கும் அண்ணன். ஏற்கனவே இருக்கும் வலையை எழுத்துக்குக் கொண்டு வந்துவிட்டு, பிறகு அவர்கள் வழியாக வெளியே போகலாம். அந்த அக்காவுக்குத் தெரிந்தவர்தான் நமக்குத் தேவையான தூரத்து ஆள்.

சரி, அப்படி வருகிற ஆள் நம்ம பக்கத்தைத் திறந்தால் என்ன பார்ப்பார்? "கடின உழைப்பாளி. குழுவாகச் செயல்படுபவர். புதியன கற்பதில் ஆர்வம் உள்ளவர்." இதைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். சோம்பேறி யாராவது தன்னைச் சோம்பேறி என்று எழுதியிருக்கிறானா? என் யோசனைகள் இவை.

1. பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரிக்கு 220 எழுத்து இடம் இருக்கிறது. அதில் "மாணவர்" என்று மட்டும் விட்டுவைக்காதீர்கள். "மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு, டீசல் என்ஜின் பராமரிப்பு, துறைமுகத் தளவாடங்களில் ஆர்வம்" என்று போட்டால் தேடுபவர் கண்ணில் படும். தேடுபவர்கள் ஆங்கிலத்தில்தான் தேடுகிறார்கள் என்பதால் இதை ஆங்கிலத்தில் எழுதுவது நல்லது. ஆனால் இலக்கணப் பயத்தில் வெப்சைட்டில் இருந்து சுடாதீர்கள். சின்னச் சின்ன வாக்கியம் போதும்.

2. குணத்தை எழுதாமல் வேலையை எழுதுங்கள். காசிமேட்டில் விசைப்படகு என்ஜின் பட்டறையில் ரெண்டு லீவுக்கு மாமாவோடு நின்றிருந்தால், அது அனுபவம்தான். எந்த என்ஜின், எதைக் கழற்றினீர்கள், எதை மாட்டத் தெரியும் என்று மூன்று வரி. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்பதை நாம் எல்லோரும் திட்டிக்கொண்டே காலேஜ் போனவர்கள். அது ஏன் நிற்கிறது, கேட்டில் என்ன பேப்பர் பார்க்கிறார்கள் என்று ஒருத்தன் ப்ராஜெக்ட் செய்தால், லாஜிஸ்டிக்ஸ் கம்பெனிக்காரர் அதை நின்று படிப்பார்.

3. கூட்டிச் சொல்லாதீர்கள். ஒரு வாரம் ஹெல்மெட் போட்டுக்கொண்டு பிளான்டைச் சுற்றிப் பார்த்ததை "பயிற்சிப் பொறியாளர்" ஆக்கினால், இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே குட்டு உடையும்.

4. பாராட்டு வரிகளைக் கேட்டு வாங்குங்கள். "நம்ம பையன்தான், வேலை தெரிஞ்சவன்" என்று சூப்பர்வைசர் வாயால் சொல்வதை ரெக்கமண்டேஷன் பகுதியில் எழுத வைக்கலாம். என்னைக் கேட்டால் மொத்த பக்கத்திலும் மதிப்பு உள்ள இடம் அதுதான்.

5. துறைமுகம், சுத்திகரிப்பு ஆலை உள்ளே அனுமதி இல்லாமல் போட்டோ எடுத்துப் போடாதீர்கள். கெத்து காட்டப் போய் சிக்கல் ஆகிவிடும்.

பெண்கள் போட்டோ போடத் தயங்குவது நியாயம்தான். போட்டோவைத் தொடர்பில் இருப்பவர்கள் மட்டும் பார்க்கும்படி வைக்க செட்டிங்ஸில் வழி இருக்கிறது. போட்டோவுக்குப் பயந்து பக்கமே வேண்டாம் என்று ஒதுங்கிவிடாதீர்கள்.

அடுத்தது அட்ரஸ் விஷயம். "தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைன்னு எங்கேயும் காட்டிக்காதே, வெறும் சென்னைன்னு போடு" என்று அறிவுரை சொல்லும் அண்ணன்கள் உண்டு. வடசென்னை என்றாலே கத்தியும் அரிவாளும் என்று சினிமா பார்த்து வளர்ந்தவர்கள் இன்டர்வியூ அறையிலும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவர்கள் பயம். பயத்தில் அர்த்தம் இல்லாமல் இல்லை. வீட்டு முகவரியை எவனுக்கும் காட்டத் தேவையும் இல்லை. ஆனால் செய்த வேலையின் இடத்தை மறைத்தால் அந்த வேலையே பாதி மறைந்துவிடும். ரெண்டு துறைமுகம், மீன்பிடித் துறைமுகம், ரிஃபைனரி, உரம், டயர், லாரி, மின்சாரம் என்று இவ்வளவும் ஒரே கடலோரத்தில் இருக்கிற இடம் தமிழ்நாட்டில் எத்தனை இருக்கிறது? இந்தப் புகையையும் தூசியையும் நம்ம நுரையீரல் வாங்கிக்கொள்கிறது. 2023 டிசம்பரில் எண்ணூரில் அமோனியா கசிந்தபோது நடுராத்திரியில் வீட்டை விட்டு ஓடியவர்கள் நம்ம ஜனங்கள். கெட்டதை எல்லாம் நாம் வாங்கிக்கொண்டு, இந்த இடம் கற்றுக்கொடுத்த தொழிலை மட்டும் சொல்ல வெட்கப்படுவது என்ன கணக்கு?

கடைசியாக ஒரு ஆட்சேபம். "நம்மைப் பற்றி நாமே பீத்திக்கணுமா? பூக்கடைக்கு எதுக்கு விளம்பரம்?" என்பார்கள். தற்பெருமை எனக்கும் பிடிக்காது. ஆனால் செய்ததைச் செய்தபடி சொல்வது பெருமையில் சேராது. பூக்கடை வாசம் போவதும் தெருமுனை வரைக்கும்தான். அதுவும் மணலிக் காற்று அடிக்கிற நம்ம பக்கத்தில் அவ்வளவு தூரம்கூடப் போகாது :-)

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பக்கம் நன்றாக அமைந்தால் நல்லவர்களோடு திருடர்களும் வருவார்கள். கப்பல் வேலை என்று நம்ம பசங்களைக் குறிவைத்து மெசேஜ் அனுப்பும் ஏஜென்டுகளிடம் முதலில் ஆர்.பி.எஸ்.எல். லைசென்ஸ் எண்ணைக் கேளுங்கள். அந்த எண் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். வேலை வாங்கித் தர மாலுமியிடம் பணம் வாங்கக் கூடாது என்பது சட்டம். பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

மற்றபடி, இந்த வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் உங்களுக்குச் செய்துகொள்ளுங்கள். முடிந்தால் வீட்டில் இருக்கும் ஃபிட்டர் அப்பாவையோ வெல்டர் அண்ணனையோ உட்கார வைத்து, எந்தெந்த இடத்தில் என்னென்ன வேலை பார்த்தார்கள் என்று கேட்டு அதையும் எழுதுங்கள். நாளைக்கு அவர்கள் கம்பெனி கேட்டை மூடினாலும், அந்த முப்பது வருஷம் அவர்கள் கையில் எழுத்தாக இருக்கும்.